உதைத்தும் எழாத புல்லட்: எழுபது ஆண்டுக் கதை

சென்ற காலாண்டில் ஒரு நாள் விடியற்காலை. பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று இரவுப் பணியில் இருந்த செக்யூரிட்டி தகவல் சொன்னார். போய்த் தேடிப் பார்த்தால், தூண் ஓரமாகக் கவர் போட்டு நிறுத்தியிருந்த ஒரு பழைய புல்லட்டின் அடியில் ஈரம். கார்புரேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக பெட்ரோல் வடிந்துகொண்டிருந்தது. தரையில் மணலைக் கொட்டி, வண்டியை நான்கு பேர் சேர்ந்து சரிவுப் பாதை வழியாக வெளியே தள்ளிவிட்டோம். நல்லவேளையாக விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று மாலையே நம் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் சூடு பிடித்தது. ஓடாத வண்டிகளை எல்லாம் ஒரு மாதத்துக்குள் அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று பலர் எழுதினார்கள். வண்டியின் சொந்தக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: "அப்பா 1986-இல் வாங்கிய வண்டி. அது ஓடாத வண்டி இல்லை, ஸ்டார்ட் ஆகாத வண்டி."

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பேஸ்மெண்டில் பெட்ரோல் கசிவது விளையாட்டுக் காரியம் அல்ல. அதே சமயம், ஒரு காலத்தில் ஓரிரு உதையில் எழுந்த வண்டி இன்று எத்தனை உதைத்தாலும் எழவில்லை என்றால், அதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. அந்த வண்டி ஒரு காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. வண்டி அப்படியே இருக்கிறது, பெட்ரோல்தான் மாறிவிட்டது. இந்தக் கதை கொஞ்சம் தெரிந்தால் பழுதை எங்கே தேடுவது என்பதும் தெரியும், நம் பார்க்கிங்கில் என்ன விதி போடலாம் என்பதும் தெரியும்.

ரெடிட்ச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து நிறுவனம். 1901-இலேயே மோட்டார் சைக்கிள் செய்தவர்கள். 'புல்லட்' என்ற பெயரை அவர்கள் முதலில் வைத்தது 1932-இல். நாம் அறிந்த உருவத்தில், பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் வைத்த 350 சிசி புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940-களின் கடைசியில் வந்தது.

அதை இங்கே இறக்குமதி செய்து விற்றவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸ். விடுதலைக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு உழைப்புத் தாங்கும் மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டபோது, இந்திய அரசு ராணுவத்துக்காக 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அத்தனை வண்டிகளையும் கப்பலில் கொண்டுவருவதைவிட இங்கேயே பூட்டுவது மேல் என்று முடிவானது. 1955-இல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற நிறுவனத்தை உருவாக்கின. வடசென்னையில் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் உதிரிப் பாகங்கள் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் அச்சுகளும் இங்கே வந்தன. 1960-களின் தொடக்கத்தில் வண்டி முழுவதுமே திருவொற்றியூரில் உருவானது.

இதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. 1967-இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. தாய் வீடு இல்லாமல் போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. ஆனால் பெரிதாக உருமாறாமல் வளர்ந்தது. 1950-களில் வரைந்த அதே 346 சிசி இன்ஜின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், சில்லறை மாற்றங்களோடு இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய பிரிட்டிஷ் ஏற்பாடுகூட வெகு காலம் நீடித்தது.

ஆகவே 1986-இல் வாங்கிய புல்லட் என்பது ஏறக்குறைய 1955-இன் புல்லட். அதை ஸ்டார்ட் செய்யும் முறையும் அந்தக் காலத்து முறைதான்.

கிக் அடிப்பதில் இருந்த கணக்கு

புல்லட் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு சடங்கு தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் டேப்பைத் திறக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் என்றால் சோக் போட வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஒரு கட்டத்தில் கிக்கர் இறுகும், இடப்பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும். அப்போது இடது கைப்பிடி அருகே உள்ள டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் முழுதாக உதைக்க வேண்டும்.

இது வெறும் வீறாப்பு இல்லை, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் உண்டு. ஒற்றை சிலிண்டரில் அந்தப் பெரிய பிஸ்டன் காற்றை அழுத்தும்போது கால் பலத்தால் அதைத் தாண்டுவது கடினம். டிகம்ப்ரசர் அந்த அழுத்தத்தை வெளியே விட்டு, பிஸ்டன் மேல் உச்சியைச் சற்றுத் தாண்ட உதவுகிறது. அங்கிருந்து உதைத்தால் அடுத்த அழுத்தம் வருவதற்குள் கனமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். உச்சிக்கு முன்பே அரைகுறையாக உதைத்தால் பெட்ரோல் முன்னதாகப் பற்றி பிஸ்டன் பின்னோக்கி வரும். கிக்கர் 'ரிட்டர்ன்' அடிக்கும். கணுக்காலில் அதன் தழும்பு உள்ள பெரியவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கக்கூடும்.

அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதும் சும்மா இல்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடும், அதனால் முள் சாயும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து முள் நடுவுக்கு வரும். பிளக்கில் பொறி விழுவதும் அதே கணத்தில்தான். ஆக, அம்மீட்டர் என்பது சார்ஜ் காட்டும் கருவி மட்டும் இல்லை. பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றும் உயிரோடு இருக்கின்றனவா என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடும் கருவி. கிக்கரை எவ்வளவு மெல்ல இறக்கினாலும் முள் அசையவே இல்லையென்றால், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். முதலில் பேட்டரியையும், பிறகு வயர்களையும் பாயிண்டையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தலைமுறை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இடைவெளி சரிபார்த்ததும், பிளக்கில் பிடித்த கரியைச் சுரண்டியதும் இதனால்தான். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வைத்திருந்தவர்களுக்கு வேறு வகைப் பாடம். அதில் கிக்கரே திரும்பிக் கியர் லீவராகிவிடும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். நாள்கணக்கில் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டர் கிண்ணத்தில் ஆயில் மட்டும் மிஞ்சும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் பிளக் நனையுமே தவிர வண்டி எழாது.

1980-களில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்களின் 100 சிசி வண்டிகள் வந்தன. பாயிண்டின் இடத்தை எலெக்ட்ரானிக் இக்னிஷன் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு பல வீடுகளில் அதோடு முடிந்தது. புல்லட்டில் மட்டும் அது இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

பெட்ரோல் மாறிய கதை

வண்டி மாறாமல் நின்ற இந்தக் காலத்தில் பெட்ரோல் இரண்டு முறை அடியோடு மாறியது. முதல் மாற்றம் ஈயம் போனது, இரண்டாவது எத்தனால் வந்தது.

1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கொஞ்சம் கலந்தால் இன்ஜின் 'நாக்' அடிப்பது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். மலிவான வழி என்பதால் உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஈயம் இன்ஜினுக்கு வேறொரு நன்மையும் செய்தது. வால்வும் அதன் இருக்கையும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. ஆனால் புகையோடு வெளியே போன ஈயம் மனிதர்களின் ரத்தத்தில் சேர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்பது நிரூபணமான பிறகு ஒவ்வொரு நாடாக அதைக் கைவிட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அது மட்டுமே.

இந்த மாற்றத்தால் பழைய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகவில்லை. ஈயம் போனதால் பிளக்கில் ஈயப் படிவு இல்லாமல் போனது ஒரு லாபம். வால்வு இருக்கை மெல்லத் தேய்வது மட்டும் நட்டக் கணக்கு. வால்வு சரியாக உட்காராவிட்டால் கம்ப்ரஷன் குறையும், கிக்கர் லேசாக இறங்கும், இன்ஜின் எழாது. கிக்கரில் முன்பு இருந்த இறுக்கம் இல்லை என்று தோன்றினால் இதையும் சந்தேகிக்கலாம். வால்வு இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், டிகம்ப்ரசர் கேபிள் இறுக்கமாகி அதன் வால்வு முழுதாக மூடாமலும் இருக்கலாம். இதில் கடைசியாகச் சொன்னது ஐந்து நிமிட வேலை. அதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

எத்தனாலின் பாதிப்பு வேறு மாதிரி. 2003-இல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் 5 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் திட்டமாகத் தொடங்கியது. பல ஆண்டுகள் மந்தமாக நகர்ந்தது. 2022-இல் நாட்டளவில் 10 சதவீதத்தை எட்டியது. 2023-இல் 20 சதவீதக் கலப்பு பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-இல் அதுவே பொதுவான பெட்ரோலாகிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைப்பதால் கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், விவசாயிக்கு வருமானம் வரும் என்பது அரசின் வாதம். அந்த வாதத்துக்குள் இப்போது நாம் போக வேண்டாம். பழைய வண்டியின் டேங்குக்குள் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். வெறும் பெட்ரோலில் தண்ணீர் கலக்காது, அடியில் தனியாக நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேப்பின் வாய் டேங்கின் அடியில்தானே இருக்கிறது? முதலில் கார்புரேட்டருக்குப் போவது அந்தக் கலவைதான். அதை வைத்து எந்த இன்ஜினும் எழாது. நம் சென்னைக் காற்றின் ஈரம் ஊரறிந்தது. பாதி காலியான இரும்பு டேங்க் என்றால் உள்ளே துருவும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, அந்தக் காலத்து ரப்பர்கள் எத்தனாலை எண்ணிச் செய்தவை அல்ல. பெட்ரோல் டியூப் ஊறிப் பிறகு வெடிக்கும். டேப்பின் வாஷர், கார்புரேட்டர் வாஷர், ஃப்ளோட் ஊசியின் முனை எல்லாம் உப்பும், இறுகும். பிடி தளர்ந்தால் கசிவு. அன்று நம் பேஸ்மெண்டில் நடந்தது இதுதான்.

மூன்றாவது, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கு ஏற்ப ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்றைக் கலக்கும். கலவை காற்று மிகுந்து மெலிகிறது. புதிய வண்டிகளில் சென்சார் அதைக் கண்டு சரிசெய்யும். கார்புரேட்டரில் அதைச் செய்ய மெக்கானிக் வேண்டும். முன்பு மார்கழியில் மட்டும் சோக் கேட்ட வண்டி இப்போது சித்திரையிலும் கேட்பதற்கு இது ஒரு காரணம். மைலேஜ் கொஞ்சம் குறைவதும் எத்தனாலின் இயல்பு. ஒரு லிட்டருக்கு அதன் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

நின்றுவிட்ட வண்டிக்கு என்ன ஆகிறது

தினமும் ஓடும் பழைய வண்டியில் இந்த மாற்றங்கள் பெரிதாகத் தெரிவதில்லை. டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு வாரத்தில் தீர்ந்து புதிது வந்துவிடும். சிக்கல் நிறுத்தி வைத்த வண்டியில்தான் வருகிறது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் சட்டென்று ஆவியாகும் இலகுவான பகுதிதான் குளிர்ந்த இன்ஜினை எழுப்புகிறது. சில மாதங்கள் நின்றால் முதலில் பறந்து போவது அதுதான். மீதமுள்ளது காற்றோடு சேர்ந்து கெட்டியாகிப் பிசின் போலப் படியும். கார்புரேட்டரில் பைலட் ஜெட் என்று ஒன்று உண்டு. ஸ்டார்ட் ஆகும்போதும் ஐட்லிங்கில் நிற்கும்போதும் பெட்ரோல் அதன் வழியேதான் போகும். அதன் துளை ஊசி முனையளவுகூட இருக்காது. பிசின் முதலில் அடைப்பது அந்தத் துளையை. சோக் போட்டால் எழுந்து, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும் வண்டியில் பெரும்பாலும் இந்த அடைப்புதான்.

அதனால் புது பேட்டரி, புது பிளக், புது காயில் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பணத்தை விடுவதற்கு முன், வரிசையாகச் சில கேள்விகள் கேட்டால் போதும். இந்த வேலை எதையும் பேஸ்மெண்டில் வைத்துச் செய்ய வேண்டாம். வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிச் சென்று, இன்ஜின் ஆறிய பிறகு செய்ய வேண்டும்.

1. டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல்? மாதக்கணக்கு என்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் அதை வடித்துவிட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தால் அடியில் தண்ணீர் இருந்தால் தெரியும், நிறம் கறுத்திருந்தாலும் புளித்த வாடை அடித்தாலும் தெரியும்.

2. பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறதா? டியூபைக் கழற்றி டேப்பைத் திறந்தால் தடையில்லாமல் விழ வேண்டும். முதலில் விழுந்து பிறகு நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் மீண்டும் விழுந்தால் அது உறுதி.

3. பத்து உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றினால் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. பொறிதான் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிவிட்டது.

4. பொறி வருகிறதா? இதற்குப் பிளக்கை இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்ப்பது வழக்கம். பெட்ரோல் சிந்திய இடத்திலும் திறந்த பிளக் துளைக்கு அருகிலும் அதைச் செய்யக் கூடாது. அம்மீட்டர் முள்ளே பாதி விடையைச் சொல்லிவிடும். மீதியை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

5. கிக்கரில் பழைய இறுக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் முன்பு சொன்ன டிகம்ப்ரசரும் வால்வும்தான்.

இந்த ஐந்துக்கும் விடை தெரிந்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவருக்கும் வேலை சுலபம், நமக்கும் செலவு குறைவு.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் பல பேஸ்மெண்டுகள் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மூழ்கிய வண்டியை உதைக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் சிறிய பழுது பெரிய பழுதாகும். பெட்ரோல், ஆயில் இரண்டையும் வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகே முயல வேண்டும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

இது பழைய வண்டிக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். புல்லட்டே மாறிவிட்டது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. பிறகு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2009 வாக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வார்த்த புதிய இன்ஜின் வந்தது. 2013-இல் ஓரகடத்தில் புதிய ஆலை திறந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது கார்புரேட்டர் விடைபெற்று, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் அந்த இடத்துக்கு வந்தது. டேங்குக்கு அடியில் இருந்த டேப்பும் அதோடு போய்விட்டது.

இந்த வண்டிகளில் பெட்ரோலை அனுப்புவது மின்சார பம்ப். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளினாலும் உதைத்தாலும் பயன் இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்க மூன்று மாதம் போய் வருபவர்கள், திரும்பி வந்ததும் வண்டி எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. பழைய வண்டியில் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல், புதிய வண்டியில் பேட்டரி மேல். வசதி கூடியிருக்கிறது, ஆனால் வீட்டிலேயே சரிசெய்யும் வேலைகள் குறைந்திருக்கின்றன.

நம் பார்க்கிங்குக்கு ஒரு வேண்டுகோள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு பரவி, பள்ளமான இடத்தில் தேங்கும். பேஸ்மெண்ட் என்பதே ஒரு பள்ளம்தான். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் அளவு ஆவி எழும். ஆகவே ஒரு டம்ளர் கசிவுதானே என்று யாரும் விட்டுவிடக் கூடாது.

பழைய வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது கையால் ஒரு திருகு மட்டுமே. வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். அன்றைய கசிவுக்கு இரண்டு காரணங்கள்: ஃப்ளோட் ஊசி இறுகிப்போனது, டேப் திறந்தே இருந்தது. டேப் மூடியிருந்தால் ஊசி பழுதாக இருந்தும் ஒரு சொட்டுகூட வெளியே வந்திருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவது நல்லது. பெட்ரோல் டியூபும் வாஷர்களும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றப்பட வேண்டும், பெரிய செலவு இல்லை. வடித்த பெட்ரோலை மழைநீர் வடிகாலிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாம். பேஸ்மெண்டில் இன்ஜினை ஓடவிட்டு 'சூடாக்குவதும்' வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

அந்தப் புல்லட் என்ன ஆனது என்று சிலர் கேட்டார்கள். டேங்கை வடித்தபோது துருவும் தண்ணீருமாகக் கால் வாளி வந்தது. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார், ஃப்ளோட் ஊசி, டியூப், வாஷர்கள், பிளக் மாற்றினார், பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. வெளிவாசல் அருகே நிறுத்தி, அவர் சொன்னபடி அம்மீட்டர் முள்ளைப் பார்த்து உதைத்தார் சொந்தக்காரர். நான்காவது உதையில் எழுந்தது. சத்தம் கேட்டு எல்லா பிளாக்கிலும் பால்கனிக் கதவுகள் திறந்தன. நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி முதலில் எழுதியவரும் கீழே இறங்கி வந்து பார்த்தார். தன் அப்பாவும் இதே வண்டி வைத்திருந்ததாகச் சொன்னார்.

நிர்வாகக் குழு பிறகு ஒரு முடிவு எடுத்தது. ஓடாத வண்டிகளை உடனே அகற்றச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக, கார்புரேட்டர் உள்ள எல்லா வண்டிகளிலும் டேப் மூடியிருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சொந்தக்காரரே பார்த்து செக்யூரிட்டி மேசையில் உள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் கையெழுத்து இல்லாத வண்டி பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசுவோம். ஆர்.சி. காலாவதியான வண்டிகளின் சொந்தக்காரர்கள் அதற்குள் புதுப்பிப்பதா, முறைப்படி ஒப்படைப்பதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒருமுறை கீழே போய், கவரைத் தூக்கி, உங்கள் வண்டியின் டேப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.